எச்சரிக்கை வந்தாச்சு, கதவைத் தட்டுவது யார்? காலநிலையும் பொது சுகாதாரமும்: ஓர் எளிய அறிமுகம்

எங்கள் தெரு முனையில் வேப்ப மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. கரி போட்டுச் சூடேற்றும் பழைய பெட்டி. ஒரு மே மாதம், பதினோரு மணி வாக்கில் துணி கொடுக்கப் போயிருந்தேன். இஸ்திரி போடும் அண்ணன் போனும் என் போனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சிணுங்கின. வெப்பம் அதிகமாக இருக்கும், நண்பகலில் வெளியே வருவதைத் தவிர்க்கவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்று ஒரு குறுஞ்செய்தி. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் சிரித்தார். "வெளிய வரக்கூடாதாம் தம்பி. நான் வீட்டுக்குள்ள உக்காந்துட்டா உன் சட்டைய யாரு தேய்க்கிறது?"

அந்தக் குறுஞ்செய்தியில் தப்பு எதுவும் இல்லை. வானிலைத் துறை ஒழுங்காகக் கணித்திருந்தது. செய்தி நேரத்துக்கு வந்தது, தமிழிலேயே வந்தது. ஆனால் வந்து சேர்ந்த இடத்தில் அதை வைத்துக்கொண்டு அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. காலநிலை மாற்றமும் மக்கள் உடல்நலமும் சந்திக்கும் இடத்தில் நடக்கும் வேலை எல்லாமே இந்த இடைவெளியைப் பற்றியதுதான். எச்சரிக்கைக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் யார் யார் இருக்க வேண்டும்? அவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் யார் தருவது? எல்லோரிடமும் போக முடியாத நாளில் முதலில் யாரிடம் போவது?

அரசு அறிக்கைகளில் இதையே தாங்குதிறன், கூட்டாண்மை, மனிதவளம், சமத்துவம் என்று கனமான நாலு சொற்களில் எழுதுவார்கள். மிரள வேண்டியதில்லை. தாங்குதிறன் என்றால், அடி விழப்போகிறது என்று தெரிந்த பிறகு வலி குறையவும், சீக்கிரம் எழுந்து நிற்கவும் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு. வெயிலைக் குறைக்க ஒரு மாநகராட்சியால் முடியாது. வெயிலில் சாகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். மற்ற மூன்று சொற்களையும் போகப் போகப் பார்ப்போம்.

வெள்ளம், புயல், டெங்கு, காற்று மாசு என்று காலநிலையோடு ஒட்டிய உடல்நலச் சிக்கல்கள் பல இருந்தாலும், இங்கே பெரும்பாலும் வெயிலையே எடுத்துக்கொள்கிறேன். காரணம், மற்றவற்றைப் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை. புயல் மரத்தைச் சாய்க்கும், வெள்ளம் வீட்டுக்குள் வரும், டிவியில் காட்டுவார்கள். வெயிலில் இறந்தவர் பாயில் படுத்தபடியே இறந்திருப்பார்.

சரி, வெயில் உடம்பை என்ன செய்கிறது? வேர்வை தோலில் இருந்து ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். உப்பும் நீரும் போனதுதான் மிச்சம். அதனால்தான் வேலூரில் 40 டிகிரி படுத்தும் பாட்டைச் சென்னை 37 டிகிரியிலேயே படுத்திவிடுகிறது. இந்திய வானிலைத் துறையும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரி தொட்டு, அந்த நாளுக்கான இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் அதை வெப்ப அலை என்கிறது. இரவும் முக்கியம். பகலெல்லாம் சூடான உடம்புக்கு ராத்திரியில்தான் ஓய்வு. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ அந்த ஓய்வைத் தராது.

உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் குழறிப் பேசினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுப்பது. அது வேலைக்கு ஆகாது. இது நோய்க்கிருமியோடு உடம்பு போராடும்போது வரும் சூடு இல்லை; வெளிச்சூட்டை உடம்பால் தள்ள முடியாமல் வந்த சூடு. தண்ணீரை ஊற்றி, விசிறி, அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டி வைத்து இருந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்கிவிட்டு, அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரும் இந்த நேரத்தில் ஏமாற்றும். ஆசனவாய் வழியாக அளந்தால்தான் உண்மையான எண் தெரியும். இவை எல்லாம் சின்ன விஷயங்கள்தாம். ஆனால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தெர்மாமீட்டரும் பனிக்கட்டியும் ஏப்ரல் மாதமே இருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஓர் உயிர் தொங்கும்.

அகமதாபாத் கற்றுக்கொண்ட கதை

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரிக்குப் போனது. அந்த மாதம் அந்த நகரத்தில் எல்லாக் காரணங்களையும் சேர்த்து 4,462 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே மே மாதத்தில் நடந்த சாவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வழக்கத்தைவிட 1,344 சாவுகள் அதிகம். இப்படிக் கணக்கிடுவதை 'கூடுதல் இறப்பு' என்பார்கள். எதற்கு இந்தச் சுற்று வழி? இறப்புச் சான்றிதழில் யாரும் 'வெயில்' என்று எழுதுவதில்லை. மாரடைப்பு என்று எழுதுவார்கள், சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதுவார்கள், முதுமை என்று எழுதுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் இயற்கைச் சாவு. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்தான் ஒரே மாதத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருப்பது தெரிகிறது.

அதைப் பார்த்த பிறகு மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. காந்திநகரில் உள்ள இந்தியப் பொது சுகாதார நிறுவனமும், அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும், சில பல்கலைக்கழகங்களும் கைகோத்தன. 2013ல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது. கேட்கும்போது ஏதோ பெரிய தொழில்நுட்பம் என்று தோன்றும். உண்மையில் அதன் முதுகெலும்பு, யார் யாருக்குப் போன் போட வேண்டும் என்ற பட்டியல்தான்.

மாநகராட்சியில் ஒரே ஓர் அதிகாரி இதற்குப் பொறுப்பு. வானிலைக் கணிப்பு அவர் மேசைக்கு வரும். 41ஐத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45ஐத் தொட்டால் சிவப்பு. நிறம் மாறியதும் அவர் ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்வார், 108 ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் சொல்வார். அவர்கள் பனிக்கட்டிப் பொட்டலங்களை வண்டியில் ஏற்றி வைப்பார்கள். குடிநீர்ப் பிரிவு தண்ணீர்ப் பந்தல்களைக் கூட்டும். மதியம் பூட்டி வைக்கும் பூங்காக்களைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், நிழல் தேடி வருகிறவன் கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று. பூங்காவுக்கும் பொது சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான் சம்பந்தம். பூங்காச் சாவி சுகாதாரத் துறையிடம் இல்லை.

கூட்டாண்மை என்பது இவ்வளவுதான். சாவி வேறு வேறு கைகளில் இருக்கிறது; அந்தக் கைகள் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். வேலை நேரத்தை மாற்றும் சாவி முதலாளியிடமும் தொழிலாளர் துறையிடமும் இருக்கிறது. மின்வெட்டு வராமல் பார்க்கும் சாவி மின்வாரியத்திடம். கூரையின் சாவி வீட்டுக்காரரிடம், சில நேரம் குடிசை மாற்றுத் திட்டம் வகுப்பவரிடம். டாக்டரிடம் இருப்பது கடைசிச் சாவி மட்டும். மயங்கி விழுந்தவர் அவரிடம் வந்து சேரும்போது கதை முக்கால்வாசி முடிந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாத் துறையினரையும் கூட்டி உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, கூட்டக் குறிப்பு எழுதினால் அது கூட்டாண்மை ஆகிவிடாது. நிறம் ஆரஞ்சானதும் யார் என்ன செய்வார் என்பது பெயரோடும் போன் எண்ணோடும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்பதும்.

அகமதாபாத் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு மருத்துவமனையின் மாடியில் நடந்தது. அங்கே பிரசவ வார்டு கட்டடத்தின் மேல்தளத்தில், நேரே கூரைக்கு அடியில் இருந்தது. பச்சிளங்குழந்தைகளுக்குத் தம் உடல்வெப்பத்தைச் சமாளிக்கத் தெரியாது. 2010 கோடையில் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்குப் போன குழந்தைகளின் பதிவேட்டைப் புரட்டிய மருத்துவர்களுக்கு இது புலப்பட்டது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பிறகு அப்படி வரும் குழந்தைகள் குறைந்தார்கள். மருந்து இல்லை, கருவி இல்லை. பதிவேட்டைப் படிக்க ஒருவருக்கு நேரம் இருந்தது, படித்ததைச் சொல்ல ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

2018ல் வெளியான ஓர் ஆய்வு, திட்டம் வந்த பின்னான இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், தலையை எண்ணிய கணக்கு அல்ல. ஆனாலும் பார்த்துவிட்டு மற்ற நகரங்களும் மாநிலங்களும் தங்களுக்கும் ஒரு திட்டம் எழுதத் தொடங்கின. எழுதியதில் பாதி அகமதாபாத்தைப் பார்த்துக் காப்பியடித்தது போலிருந்தது என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. டெல்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையம் 2023ல் நாடு முழுக்க 37 திட்டங்களை எடுத்துப் படித்தது. யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று முறையாக ஆராய்ந்து எழுதியிருந்தவை இரண்டே இரண்டு. பெரும்பாலானவற்றில் பணம் எங்கிருந்து வரும் என்பதும் தெளிவாக இல்லை.

பட்டியல் ஏற்கெனவே ஒருவர் பையில் இருக்கிறது

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பொது சுகாதாரத்தில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. பொது சுகாதாரத் துறை 1922லேயே தனியாக அமைந்தது. நாட்டிலேயே முதல் பொது சுகாதாரச் சட்டம் 1939ல் இங்கேதான் வந்தது. அதனால் ஆஸ்பத்திரி நடத்துவதற்கு ஒரு பிரிவு, நோய் வராமல் தடுப்பதற்கு இன்னொரு பிரிவு என்று இரண்டும் தனித்தனியாக வளர்ந்தன. சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், மாவட்டத்துக்கு மாவட்டம் துணை இயக்குநர் என்று ஒரு படிநிலையே உண்டு. எட்டாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதி என்றால் 3,000 பேருக்கு ஒன்று.

இதற்கு மேல், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுப்பது, அளந்து பார்ப்பது. வீடு வீடாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்து வந்த தன்னார்வலர்கள். 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

இது சர்க்கரை நோய்த் திட்டம் ஆயிற்றே, காலநிலைக்கு ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். அந்த அக்கா தோளில் மாட்டிக்கொண்டு போகும் பையைக் கொஞ்சம் பாருங்கள். பிபி பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், மாத்திரை அட்டைகள். எந்த வீட்டில் யாருக்குக் கொதிப்பு, யாருக்கு இன்சுலின், யார் படுத்த படுக்கை, யார் தனியாக இருக்கும் கிழவி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெப்ப அலையில் முதலில் விழப்போகிறவர்களும் இவர்கள்தாம். சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிடும் கொதிப்புக்காரருக்கு வெயில் நாளில் நீர் சீக்கிரம் வற்றும். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் கெட்டுப்போகும். ஈர மணலில் மண்பானையை வைத்து, அதற்குள் நீர் புகாத டப்பாவில் மருந்தை வைக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். 'பாதிக்கப்படக்கூடியோர் பட்டியல்' தயாரிக்க ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிட்டு டெண்டர் விடும் முன் இந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடியும் என்பது என் எண்ணம்.

மனிதவளம் என்ற சொல்லுக்குப் புதிதாக ஆளெடுப்பது என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டாம். ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு இன்னும் ஒரு கண் கொடுப்பதுதான் அதில் பாதி. வெப்பவாதத்தின் முதல் அறிகுறி எது என்று அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரிய வேண்டும். வெயிலால் வந்த சாவை எப்படிப் பதிவது என்று மருத்துவ அலுவலருக்குத் தெரிய வேண்டும். தேசிய அளவில் 2019ல் தொடங்கிய காலநிலை மாற்றம் மற்றும் மனித உடல்நலத் திட்டம் இந்தப் பயிற்சியைத்தான் தூக்கிப் பிடிக்கிறது. கோடை மாதங்களில் வெப்ப நோயாளிகளின் எண்ணிக்கை ஆஸ்பத்திரிகளில் இருந்து அன்றாடம் மேலே போக வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு.

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல காரியம். ஆனால் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று ஒற்றை வார்த்தை எழுதியிருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் எப்படி வரும்? எழுதும் டாக்டருக்குப் பயிற்சி இல்லை என்றால் அரசாணை பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த அக்காக்களும் அதே வெயிலில்தான் நடக்கிறார்கள். இவர்களைப் போலவே வீடு வீடாகப் போகும் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் நாடு முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2022ல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்துப் பெருமைப்படுத்தியது. ஆனால் நம் நாட்டுக் கணக்கில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, 'தன்னார்வலர்கள்'. சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. மதியம் வெளியே வராதே என்று ஊருக்குச் சொல்ல மதியம் வெளியே போகிறவருக்கு ஒரு தொப்பி, தண்ணீர் பாட்டில், காலை மாலை என்று பிரித்த வேலை நேரம், கையில் நிலையான சம்பளம். இதைக் கொடுக்காமல் தாங்குதிறன் பற்றிப் பேசுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

உப்பளத்தில் ஒரு குடம் தண்ணீர்

சமத்துவம் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேதாரண்யத்துக்கோ மரக்காணத்துக்கோ தூத்துக்குடிக்கோ போனால் போதும். உப்பளம். தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே வெள்ளை உப்பு. அதில் பட்டுத் திரும்பும் வெயிலும் முகத்தில்தான் அடிக்கும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. உப்பு மண்ணில் மரம் எங்கே முளைக்கும்? வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் குவிக்க வேண்டும்.

இங்கே போய் "நிறையத் தண்ணீர் குடிக்கவும்" என்று சொன்னால் பெண்கள் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாமல் இல்லை, குடம் பக்கத்திலேயே இருக்கும். குடித்தால் சிறுநீர் வரும். வந்தால் போவதற்கு மறைவிடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. அதனால் காலையில் கிளம்பும்போதே குறைத்துக் குடித்துவிட்டு வருவார்கள். வருடக்கணக்கில் இப்படி இருந்தால் சிறுநீர்த் தொற்று, அப்புறம் சிறுநீரகம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்து, வெப்பச் சுமை பாதுகாப்பு அளவைத் தாண்டியிருப்பதையும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்த இன்னொரு ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு அபாயமாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள், உப்பளப் பெண்ணின் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்து எது? ஒரு கழிப்பறை. நிழலுக்கு ஒரு கொட்டகை. வெயில் ஏறுமுன் முடிகிற வேலை நேரம். கழிப்பறை கட்டச் சொல்ல வேண்டியது உப்பள உரிமையாளரை, சொல்ல வேண்டியவர்கள் தொழிலாளர் துறை, இடம் குத்தகைக்கு விட்ட அரசு, ஊராட்சி. சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்த்து ஆதாரம் கொடுக்க வேண்டியது சுகாதாரத் துறை. கூட்டாண்மையும் சமத்துவமும் தனித்தனித் தலைப்புகள் இல்லை என்பது இங்கே வந்தால் தெரியும். எல்லோருக்கும் ஒரே குறுஞ்செய்தி அனுப்புவது சமமாக நடத்துவது. அந்தச் செய்தியை யாரால் பின்பற்ற முடியாது என்று தேடிப்போய், ஏன் முடியவில்லை என்று கேட்டு, அதைச் சரிசெய்வதில் இருந்து தொடங்குவதுதான் சமத்துவம்.

அகமதாபாத்தில் பெண்கள் அமைப்புகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு குடிசைப் பகுதிகளில் தகரக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தது. உள்ளே சில டிகிரி குறைந்தது. இலா பட் 1972ல் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் இன்னும் ஒரு படி போனது. 2023ல் குஜராத்தில் 21,000 உறுப்பினர்களுக்கு வெயில் காப்பீடு. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே போதும், ஆஸ்பத்திரி பில் எதுவும் காட்ட வேண்டாம், இழந்த கூலிக்கு ஈடாகக் கணக்கில் பணம் விழும். முதல் ஆண்டில் வெயில் அந்த அளவைத் தொடவில்லை, பணமும் வரவில்லை. அளவைத் திருத்தி, 2024ல் இன்னும் அதிகம் பேரைச் சேர்த்தபோது பெரும்பாலோருக்கு வந்தது. சில நூறு ரூபாய்தான். ஆனால் "நான் வீட்டுக்குள்ள உக்காந்துட்டா" என்று நம்ம இஸ்திரி அண்ணன் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முயன்றது, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

வெள்ளத்தில் ஒரு மஞ்சள் நிறம்

வெள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் வடிந்த பிறகுதான் சுகாதாரத் துறையின் வேலை தொடங்குகிறது: கழிவுநீர் கலந்த குடிநீரால் வயிற்றுப்போக்கு, எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடப்பதால் எலிக்காய்ச்சல், தேங்கிய நீரில் கொசு, இடம்பெயர்ந்த பாம்புகள், வழி அடைபட்டு டயாலிசிஸ் தவறும் நோயாளிகள். இதில் சுகாதார ஆய்வாளர் செய்யும் ஒரு சிறு காரியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெருக்கோடிக் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல் நிறையத் தண்ணீர் பிடித்தார். இரண்டு சொட்டு மருந்து விட்டார். இளமஞ்சள் நிறம் வந்தது. "குளோரின் இருக்கு, குடிக்கலாம்" என்றார். அடுத்த தெருவில் நிறமே வரவில்லை. உடனே போனை எடுத்து மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைப் பிடித்தார்: "அண்ணே, பிளீச்சிங் பவுடர் போட்டீங்களா? வால்வு எங்க சாத்தி இருக்கு?" குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் காப்பாற்றியது அவர் போனில் ஆபரேட்டர் எண் இருந்ததுதான்.

2004 சுனாமி காலநிலையால் வந்தது அல்ல. ஆனாலும் பாடம் பொருந்தும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். காலரா வரும், தட்டம்மை வரும் என்று உலகமே பயந்தது. பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. மற்ற மாவட்டங்களில் இருந்து பொது சுகாதாரப் பணியாளர்கள் குழு குழுவாக வந்து இறங்கி, தண்ணீருக்குக் குளோரின் போட்டு, குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டு, முகாம் முகாமாகக் காய்ச்சல் கணக்கெடுத்தார்கள். வராத நோய்க்குச் செய்தித்தாளில் தலைப்புச் செய்தி கிடையாது. அதனால்தான் காலியிடங்களை நிரப்பாமல் விட்டாலும் யாரும் கேட்பதில்லை என்று ஓய்வுபெற்ற ஓர் ஆய்வாளர் என்னிடம் சலித்துக்கொண்டார்.

மாற்றம் மெதுவாக நடக்கிறது. தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்ட ஆட்சியர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். எல்லாத் துறைகளையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் அவர்களுக்குத்தான் உண்டு என்பதால் இது சரியான ஏற்பாடு. சென்னையில் சிக்னல்களில் பச்சை நிழல்வலைப் பந்தல்கள் வந்தன. 2025ல் உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் இளைப்பாற குளிரூட்டிய அறைகளை மாநகராட்சி திறந்தது. கல்லூரிகளில் மருத்துவம், செவிலியம் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பாடத்தில் வர வேண்டும் என்ற பேச்சு இன்னும் பேச்சளவில்தான் அதிகம்.

இஸ்திரி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் ஒரு நாள் இதைப் பேசினேன். துணியை முதல் நாள் சாயங்காலமே கொடுத்துவிட்டால் அவர் விடியற்காலையில் தேய்க்கலாமே என்று. செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள். இப்போது ஏப்ரல், மே மாதங்களில் அண்ணன் காலை ஐந்து மணிக்குப் பெட்டியில் கரி போடுகிறார். பத்தரைக்கு வண்டியை மூடுகிறார். நாலரைக்குத் திறக்கிறார். மாதம் ஒரு முறை மாத்திரை கொண்டுவரும் அக்கா இப்போது வண்டிக்கே வந்து அவருக்குப் பிபி பார்க்கிறார். போன வாரம் பார்த்தபோது கொஞ்சம் கூடுதலாக இருந்ததாம். "கரிப்பெட்டிய விட்டுட்டு கரண்ட் பெட்டி வாங்குங்கண்ணே" என்று அக்காவும் நானும் மாறி மாறிச் சொல்கிறோம். மரத்தடிக்குக் கரண்ட் இணைப்பு யார் கொடுப்பார் என்று கேட்கிறார் அண்ணன்.